முப்பது அர்ச்சுனா

“இடி ஆளப் பாத்து விழுமா சார்?”

ஒரு காலத்தில் என்னிடம் எட்டாம் வகுப்பு அறிவியல் படித்தவள் கேட்டாள். இப்போது எங்கள் ஊராட்சியில் நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளர். திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இஞ்சி தட்டிப் போட்ட டீ கொடுத்திருந்தார்கள். அவள் அதைக் கையில் வைத்திருந்தாளே தவிர, குடிக்கவில்லை.

முந்தின நாள் மத்தியானம் ஏரியின் வரத்து வாய்க்காலில் நாற்பத்தாறு பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மூன்று மணி வாக்கில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்ததும் அத்தனை பேரையும் கரைமேல் நிற்கும் பெரிய புளியமரத்தடிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். அரை மணி நேரம் ஒருவரையொருவர் அணைத்தபடி நின்றிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதுதான், 2025 அக்டோபரில் இதே கடலூர் மாவட்டத்தில் மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் இடி விழுந்து இறந்துபோனது நினைவுக்கு வந்திருக்கிறது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிந்ததும் என்னைத் தேடி வந்துவிட்டாள்.

ஆளைப் பார்த்து விழுவதில்லை என்றேன். ஆனாலும் சில பேர்மேல்தான் திரும்பத் திரும்ப விழுகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதை அவசரமில்லாமல் பேசினோம். அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மழைக்காலம் வருகிறது, இன்னும் பல பேருக்குத் தேவைப்படும்.

நாம் ‘இடி விழுந்தது’ என்றாலும் விழுவது மின்னல்தான். மேகத்தின் அடிப்பக்கம் சேர்ந்த மின்னூட்டம் தரையை நோக்கி இறங்கும்போது ஒரே பாய்ச்சலாக வருவதில்லை. ஐம்பது மீட்டர் போல ஒரு தாவல், கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிறுத்தம், மறுபடி ஒரு தாவல். இப்படிக் கிளை கிளையாக, இருட்டில் துழாவுவதுபோல் வரும். தரையை மிகவும் நெருங்கும்வரை கீழே கோவில் இருக்கிறதா, கொல்லை இருக்கிறதா என்பதெல்லாம் அதன் வழியைத் தீர்மானிப்பதில்லை. கடைசி நூறு மீட்டருக்குள் வந்த பிறகுதான் தரைக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை தொடங்குகிறது. மர உச்சி, மின்கம்பம், கோபுரம், வெட்டவெளியில் நிற்கும் மனிதரின் தலை என்று நீட்டிக்கொண்டிருக்கும் எல்லாவற்றிலிருந்தும் மெல்லிய மின்கீற்றுகள் மேல்நோக்கி எழும். எது முதலில் மேலேயிருந்து வருவதோடு கைகோக்கிறதோ அந்த வழியில் முழுமின்னோட்டமும் பாயும். நம் வீட்டு மின்விசிறிக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். இதில் பாய்வது ஏறக்குறைய 30,000 ஆம்பியர். வழியிலுள்ள காற்று சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு சூடேறி வெடித்து விரிகிறது. அந்த வெடிச்சத்தம்தான் இடி.

அவள் உடனே பிடித்துக்கொண்டாள். “அப்ப உசரமா இருக்கிறதுமேலதான் விழும். மரம் உசரம், நாங்க கீழ. மரம்தானே சார் வாங்கிக்கணும்?”

நியாயமான கேள்வி. நாடு முழுக்க மக்கள் மரத்தடிக்கு ஓடுவதற்குக் காரணமும் இந்த நியாயம்தான். மரம் வாங்கிக்கொள்வது உண்மை. வாங்கியதை அது என்ன செய்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. உப்புத் தண்ணீர் நிரம்பிய மனித உடல் மரத்தைவிட எளிதாகக் கடத்தும். மரத்தின் வழியே இறங்கும் மின்னல் பாதி வழியில், பக்கத்தில் இதைவிட நல்ல பாதை ஒன்று நிற்பதைக் கண்டு அடிமரத்திலிருந்து ஆளுக்குத் தாவிவிடுகிறது. மின்னலில் அடிபட்டவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மருத்துவர்களின் மதிப்பீட்டில், நேரே தலையில் விழுந்து பாதிக்கப்படுகிறவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். பக்கத்துப் பொருளிலிருந்து தாவி அடிபடுகிறவர்கள் முப்பது பேருக்குமேல். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மின்னல் காலுக்குக் கீழே, மண் வழியாக வருகிறது.

இந்த மண் வழி வருவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாதது அதுதான். மரத்தடியில் இறங்கிய மின்னோட்டம் கிணற்றில் கல் விழுந்தால் வளையம் வளையமாக அலை போவதுபோல் தரையில் பரவுகிறது. அடிமரத்தருகே மின்னழுத்தம் அதிகம், தள்ளிப்போகப்போகக் குறையும். ஒரு கால் அதிகத்திலும் ஒரு கால் குறைவிலும் இருந்தால், அந்த வித்தியாசம் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கும். கால்கள் எவ்வளவு அகன்றிருக்கின்றனவோ அவ்வளவு மோசம். ஆடுமாடுகள் கூட்டமாகச் சாவது இதனால்தான். அவற்றின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர்விடா மலைச்சமவெளியில் ஒரே புயல்மழையில் 323 கலைமான்கள் செத்துக் கிடந்தன. இடிமழைக்குப் பயந்து நெருக்கிக்கொண்டு நின்றவை அவை.

“நாங்களும் அப்படித்தான் நெருக்கிக்கிட்டு நின்னோம்” என்றாள்.

இந்தியாவில் மின்னல் சாவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பத்தில் ஏழு மரத்தடியில் நடந்திருந்தன. அவளிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். டீ ஆறி ஆடை படர்ந்திருந்தது. வேறு டீ போடச் சொன்னேன்.

மின்னலில் சாகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று அடிக்கடி சொல்வார்கள். லாட்டரியோடு ஒப்பிடுவார்கள். எனக்கு இந்த ஒப்பீட்டின்மேல் கோபம் உண்டு. மாநகரத்தில் ஆறாவது மாடியில் கணினிமுன் உட்கார்ந்திருப்பவரையும் நாற்றங்காலில் நிற்பவரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து வந்த எண் அது. முதலாமவருக்கு அது மிகை, இரண்டாமவருக்கு அது பொய். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2019இல் மின்னலுக்கு இறந்தவர்கள் 2,876 பேர். 2022இல் 2,887 பேர். இயற்கைச் சீற்றங்களால் அந்த ஆண்டு நேர்ந்த சாவுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் மின்னலால்தான். வெள்ளமும் புயலும் செய்தியாகின்றன. இது ஒருவர், இருவராக, கொல்லை கொல்லையாக நடப்பதால் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடுகிறது. இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள், அவர்களிலும் வயலில் இருந்தவர்கள்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாட்டிலேயே மிக அதிகமாக மின்னுவது வடகிழக்கு மலைகளிலும் இமயத்தின் அடிவாரத்திலும். மிக அதிகமாகச் சாவதோ மத்தியப் பிரதேசம், பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் பக்கம். வானத்தில் எவ்வளவு மின்னுகிறது என்பதைக் காட்டிலும், மின்னும்போது கீழே யார் எந்த வேலையில் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு. 2020 ஜூன் 25 அன்று பீகாரில் ஒரே நாளில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மின்னலுக்கு இறந்தார்கள். பருவமழை தொடங்கி நெல் நடவுக்கு ஊரே வயலில் இறங்கியிருந்த சமயம் அது. நடவு நடும் மாதமும் இடி இடிக்கும் மாதமும் ஒன்றாக இருப்பதை அந்த மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

இதே பாடத்தை மறுபக்கம் திருப்பிப் படிக்க அமெரிக்காவைப் பார்க்கலாம். 1940களில் அங்கே வருடத்துக்கு முந்நூறு, நானூறு பேர் மின்னலுக்குப் பலியானார்கள். இன்று மக்கள்தொகை இரண்டு மடங்குக்குமேல் பெருகியும் இருபது பேரை ஒட்டித்தான் இறக்கிறார்கள். மேகம் மாறவில்லை. திறந்த வயலில் கையால் வேலை செய்தவர்கள் பட்டணத்துக்குப் போனார்கள், மின்கம்பியும் இரும்புக் குழாயும் ஓடும் கெட்டியான வீடுகள் வந்தன, வைத்தியமும் எச்சரிக்கையும் கிட்டின. இன்று அங்கே இறப்பவர்களில் பெரும்பாலோர் மீன்பிடிக்க, படகோட்ட, கடற்கரையில் பொழுதுபோக்கப் போனவர்கள். ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். ஆண் உடம்பில் மின்னலுக்குப் பிடித்தது எதுவும் கிடையாது. இடி கேட்ட பிறகும் வெளியே இருக்கிறார்கள், அவ்வளவுதான். அங்கே விளையாட்டை நிறுத்த மனமில்லாதவர்கள் சாகிறார்கள். இங்கே வேலையை நிறுத்த முடியாதவர்கள் சாகிறார்கள்.

“தலைவிதின்னு எங்க மாமியா சொல்லுவாங்க” என்றாள். ராய் சல்லிவனைப் பற்றிச் சொன்னேன். வர்ஜீனியாவில் ஷெனண்டோவா தேசியப் பூங்காவின் வனக்காவலர். 1942க்கும் 1977க்கும் இடையில் ஏழு முறை மின்னல் தாக்கி ஏழு முறையும் பிழைத்தவர். விதி துரத்தியதாகத்தான் பலரும் எழுதினார்கள். அவருடைய வேலையைப் பாருங்கள். மலைமுகட்டில், இடிமழை மிகுந்த ஊரில், வருடக்கணக்காக வெளியில் நடமாடும் உத்தியோகம். காட்டுத்தீயைக் கண்காணிக்கும் உயரமான கோபுரத்திலிருந்து வெளியே ஓடிவந்தபோதுதான் அவர்மேல் முதல் அடி விழுந்தது. விதி என்று ஒன்று இருந்தால் அது வேலையின் பெயரில்தான் எழுதப்பட்டிருந்தது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நேத்து மழைக்கு முன்னாடியே கலஞ்சு போங்கன்னு சொல்லியிருக்கலாம் சார். சொல்ல முடியல. ரெண்டாவது அட்டெண்டன்ஸ் படம் எடுத்து ஏத்துனாத்தான் அன்னிக்குக் கூலி கெடைக்கும்னு எல்லாருக்கும் பயம். கருக்கலப் பாத்துட்டு யாராவது கிளம்புனாக்கூட மத்தவங்களே திட்டுவாங்க.”

நான் இத்தனை நேரம் பேசிய ஆம்பியரையும் அழுத்தத்தையும்விட இந்த மூன்று வரி பெரியது. களையெடுப்புக்குப் போகிற பெண்ணும் ஒரு நாள் கூலிக்குக் கணக்கு வைத்துத்தான் மேகத்தைப் பார்க்கிறாள். பாதியில் கரையேறினால் அரைக்கூலி. ஆட்டுக்காரர் தான் ஓடிவிடலாம், ஆட்டை யார் கையில் கொடுப்பது? பனையேறுகிறவர் உச்சியில் இருக்கும்போது மேகம் கூடினால் இறங்கவே நேரம் பிடிக்கும். யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால் நான் உயரத்தைச் சொல்ல மாட்டேன், இரும்பைச் சொல்ல மாட்டேன். கெட்டியான கூரை தூரத்தில் இருப்பவருக்கும், யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டியவருக்கும் என்றுதான் சொல்வேன். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதுதான் நம் ஊர்களில் வழக்கம்.

இரும்பு என்றதும் தாலிச்சங்கிலி, செல்போன் எல்லாம் வந்தன. இடி இடித்தால் செல்போனை அணைக்கச் சொல்கிறார்கள். கழுத்துச் சங்கிலியோ கைபேசியோ மின்னலை இழுப்பதில்லை. மேலே பார்த்தோமே, உயரமும் தனிமையும்தான் கணக்கு. சார்ஜரில் செருகிய போனை மட்டும் தொடக்கூடாது, கம்பி வழியே வரும். அதேபோல் முள்கம்பி வேலி, மோட்டார்க் குழாய், கிணற்றுச் சகடை எதையும் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது. தூரத்தில் விழுந்தது வேலியோடு பயணம் செய்து வந்து சேரும். கோபுரக் கலசம் ஊரையே காக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் கேட்டாள். உச்சியில் செம்பு இருப்பது மட்டும் இடிதாங்கி ஆகாது. அங்கிருந்து மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் செம்புப் பட்டை வேண்டும். அது இல்லாத கோபுரங்களில் இடி விழுந்து சுதைச் சிற்பங்கள் உடைவது நம் மாநிலத்திலேயே நடக்கிறது. முறையாகப் பொருத்திய இடிதாங்கியும் அந்தக் கட்டடத்தைத்தான் காக்கும், இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வாய்க்காலை அல்ல.

வங்கதேசத்தில் 2016 மே மாதம் இரண்டே நாளில் எண்பது பேருக்குமேல் இறந்த பிறகு மின்னலைத் தேசியப் பேரிடராக அறிவித்தார்கள். வெட்டவெளி வயல்களில் மனிதரைவிட உயரமாக ஏதாவது நிற்கட்டும் என்று லட்சக்கணக்கில் பனை நட்டார்கள். நம் மாநில மரத்துக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததை ஆர்வத்தோடு படித்திருக்கிறேன். ஆனால் பனை ஆளுயரம் தாண்டவே வருடங்கள் பிடிக்கும். நட்ட கன்றுகள் பராமரிப்பில்லாமல் அழிந்தன, திட்டமும் கைவிடப்பட்டது. நட்ட பனை வளர்ந்தாலும் அதன் அடியில் போய் ஒதுங்கினால் புளியமரக் கதைதான்.

சரி, என்னதான் செய்வது? என் பாட்டி இடி இடித்தால் எங்களை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று சொல்லச் சொல்வாள். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அதை நான் வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறேன். நிதானமாக ஒருமுறை ‘அர்ச்சுனா’ சொல்ல ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். மின்னல் தெரிந்ததும் சொல்லத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி. ஆக மூன்று அர்ச்சுனா ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் வெளியே வரக்கூடாது. மழை விட்டதும் பாத்திரம் கழுவ, ஆடு பிடிக்க வெளியே வந்து இறப்பவர்கள் உண்டு.

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டாள். “எங்க ஆளுங்க அறுபது வயசு. வாய்க்கால்லேர்ந்து நடந்து உள்ள போற நேரத்துக்கு இடி வந்துராதா?”

வந்துவிடும். இந்த விதி பக்கத்திலேயே கட்டடம் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. மேகம் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் நகர்ந்தால் பத்து கிலோமீட்டரைக் கடக்கக் கால்மணி நேரம் போதும். அதுவும் மின்னல் மேகத்துக்கு நேர் கீழேதான் விழும் என்று இல்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி, வெயிலடிக்கும் இடத்திலும் விழும். அதனால் வயதானவர்கள் நிறைந்த வேலைத்தளத்துக்கு எண்ணிக்கை எல்லாம் வேண்டாம். முதல் இடி காதில் கேட்டால், எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும், கிளம்பிவிட வேண்டும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ என்ற செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் நெருங்குவதை அரை மணி நேரம்போல முன்னதாகக் காட்டுகிறது. படம் ஏற்றுகிற அதே போனில் அதையும் ஏற்றிக்கொடுத்தேன்.

எங்கே போவது என்பதிலும் தெளிவு வேண்டும். காங்கிரீட் கூரை, சுவருக்குள் மின்கம்பி, குழாய் உள்ள கட்டடம் நல்லது. மின்னல் விழுந்தாலும் அந்த வழியே மண்ணுக்குப் போகும். உள்ளே சுவரில் சாயாமல் இருந்தால் சரி. மோட்டார்க் கொட்டகை, கீற்றுப் பந்தல், பேருந்து நிழற்குடை எல்லாம் மழைக்குத்தான், மின்னலுக்கு அல்ல. 1975இல் இன்றைய ஜிம்பாப்வேயில் மழைக்கு ஒதுங்கிய ஒரு குடிசையில் ஒரே மின்னலில் 21 பேர் இறந்தார்கள். இரும்புக்கூடு உள்ள பேருந்து, கதவடைத்த வேன், கார் நல்லவை. டயர் ரப்பர் என்பதால் அல்ல, மின்னோட்டம் வெளித்தகட்டிலேயே ஓடி இறங்கிவிடுவதால். ஆட்களை ஏற்றிப்போகும் குட்டி யானையின் பின்பக்கமும் டிராக்டரும் அந்தக் கணக்கில் வராது.

எதுவுமே எட்டவில்லை என்றால் மரத்தையும் மேட்டையும் தண்ணீரையும் விட்டு விலகி, கால்களை ஒட்டிவைத்துக் குந்த வேண்டும், படுக்கவே கூடாது. காப்பாற்றும் என்று இதை நம்பச் சொல்ல மாட்டேன், கொஞ்சம் குறைக்கும். முக்கியமானது, ஒருவருக்கொருவர் பதினைந்து இருபது மீட்டர் தள்ளி நிற்பது. பயத்தில் அணைத்துக்கொள்ளத்தான் மனம் வரும். ஆனால் ஒருவர் விழுந்தால் ஓடிவர இன்னொருவர் நல்லபடியாக இருக்க வேண்டும்.

ஏன் ஓடிவர வேண்டும் என்பதுதான் நான் அவளிடம் இரண்டு முறை சொன்ன சங்கதி. மின்னல் தாக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். மறதி, தலைவலி, காதிரைச்சல், தூக்கமின்மை என்று வருடக்கணக்கில் சிலருக்கு நீடிக்கும், ஆனால் பிழைக்கிறார்கள். இறப்பவர்கள் பெரும்பாலும் கருகி இறப்பதில்லை, இதயமும் மூச்சும் நின்றுதான் இறக்கிறார்கள். பல சமயம் இதயம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கிவிடும். மூச்சு திரும்ப நேரமாகும். அந்த இடைவெளியில் காற்றில்லாமல் இதயம் இரண்டாம் முறை நிற்கிறது. அப்போது யாராவது மார்பை அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினால் உயிர் பிழைக்கும். தொட்டால் ஷாக் அடிக்கும் என்று யாரும் கிட்டே போவதில்லை. மின்னல் பட்ட உடம்பில் மின்சாரம் தங்காது, உடனே தொடலாம். பல பேர் விழுந்து கிடந்தால் முனகுகிறவர்களை விட்டுவிட்டு, அசைவில்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் போக வேண்டும். வேறு விபத்துகளில் செய்வதற்கு நேர்மாறு இது. முனகுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. ஒருவர் அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும்.

தலையணையை வைத்து அழுத்திக் காட்டினேன். மார்பின் நடுவில், இரண்டு கையும் கோத்து, நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்றுக் குறைவாக, இரண்டு அங்குலம் இறங்கும்படி. அவளும் செய்து பார்த்தாள். கை வலிக்கிறது என்றாள். வலித்தால் மாற்றிக்கொள்ள ஆள் வேண்டும், அதனால் இன்னும் நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடு என்றேன்.

இரண்டாவது டீயைக் குடித்து முடித்திருந்தாள். வாய்க்காலுக்கு மிக அருகில் எந்தக் கட்டடம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சமுதாயக் கூடம் என்றாள். அவள் நடந்தால் எட்டு நிமிடம், ஆயாக்கள் நடந்தால் இருபது. நாற்பத்தாறு பேர் தாராளமாக உட்காரலாம்.

“ஆனா பூட்டிக் கெடக்கும் சார்.”

எழுந்து செருப்பை மாட்டும்போதே போனைக் காதில் வைத்துவிட்டாள். தெருவில் இறங்கிப் போகையில் அவள் கேட்பது திண்ணைவரை கேட்டது.

“அண்ணே, சமுதாயக் கூடத்துச் சாவி யார்கிட்டண்ணே இருக்கு?”